கேம் லோடாவது எளிது, சேவ் நிலைப்பதுதான் கடினம்: ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜுக்குள் என்ன நடக்கிறது?

ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் என்பது கையடக்க விளையாட்டுக் கருவியில் நாமே கேம்களை ஏற்றி ஓட்ட உதவும் கார்ட்ரிட்ஜ்; சுருக்கமாக ஃபிளாஷ் கார்டு, அல்லது வெறுமனே கார்டு. அதை வைத்திருப்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. கேம் ஒழுங்காக ஓடியது, சேவ் ஆகிவிட்டது என்று திரையிலும் வந்தது, அணைத்துவிட்டுப் படுத்தாயிற்று. மறுநாள் போட்டால் போன வாரம் விட்ட இடத்தில் போய் நிற்கிறது. கேம் பொய் சொல்லவில்லை, விளையாடியவரும் எதையும் தவறாக அழுத்தவில்லை. எழுதி முடித்துவிட்டதாகக் கேம் நினைக்கும் நேரம் ஒன்று, அந்தத் தகவல் நிலையான இடத்துக்குப் போய்ச் சேரும் நேரம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கார்டை எவ்வளவு நம்பலாம், எப்போது அணைக்கலாம் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். 2001ல் வந்த கையடக்க விளையாட்டுக் கருவி. ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் செய்பவர்கள் சந்திக்கும் சிக்கல்கள் அத்தனையும் இதில் இருக்கின்றன. முன்னால் வந்த கேம் பாயும், பின்னால் வந்த டிஎஸ்ஸும் இதோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும்.

முதலில் அசல் கார்ட்ரிட்ஜ். பென் டிரைவ் போல அதற்குள் கோப்புகள் எதுவும் இல்லை. கேம் பாய் அட்வான்ஸின் செயலி ஓர் ஏஆர்எம்7, வேகம் 16.78 மெகாஹெர்ட்ஸ். அதன் முகவரிப் பரப்பில் 32 எம்பி அளவுக்கு ஒரு பகுதி கார்ட்ரிட்ஜுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. செயலி அந்தப் பகுதியில் ஒரு முகவரியைக் கேட்டால், கம்பிகள் வழியாக அந்தக் கேள்வி நேராகக் கார்ட்ரிட்ஜின் ரோம் சிப்புக்கு, அதாவது கேம் பதிந்திருக்கும் படிக்க மட்டுமேயான நினைவகத்துக்குப் போகும், சிப் 16 பிட் தகவலைத் திருப்பித் தரும். லோடு என்ற படியே கிடையாது. கேமின் கட்டளைகள் ரோமில் இருந்தபடியே ஓடுகின்றன. அந்தக் காலத்துக் கையடக்கக் கருவிகள் சுவிட்சைப் போட்டதும் விளையாட்டுக்குள் போனதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஏற்பாட்டில் கால அவகாசம் மிகக் குறைவு. செயலியின் ஒரு சுழற்சி சுமார் 60 நானோ நொடி. பெரும்பாலான கேம்கள் வைத்துக்கொள்ளும் அமைப்பில், புதிய முகவரி ஒன்றைக் கேட்டால் நான்கு சுழற்சிக்குள், அதாவது 240 நானோ நொடிக்குள் பதில் வர வேண்டும். அடுத்தடுத்த முகவரிகள் என்றால் இரண்டே சுழற்சி, 120 நானோ நொடி. பதில் வந்துவிட்டதா என்று செயலி பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் கம்பியில் என்ன இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். அங்கே குப்பை இருந்தால் கேம் உறைந்துபோகும்.

இப்போது எஸ்டி கார்டைப் பாருங்கள். உள்ளே இருப்பது நேண்ட் வகை ஃபிளாஷ், மின்சாரம் இல்லாமலும் தகவலை வைத்திருக்கும் நினைவகம். 512 பைட் கொண்ட துண்டு துண்டாகத்தான் படிக்க முடியும். ஒரு துண்டைக் கேட்டால் முதல் பைட் வெளியே வருவதற்கே நூற்றுக்கணக்கான மைக்ரோ நொடி ஆகலாம். செயலி தரும் அவகாசத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் தாமதம். ஆகவே எஸ்டி கார்டில் இருக்கும் கேமை அப்படியே ஓட்ட முடியாது. நடுவில் வேகமான ஒரு நினைவகம் வேண்டும், கேம் முழுவதையும் அதற்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் லோடிங் என்று திரையில் ஓடுவது இந்த நகல் வேலைதான்.

நடுவில் வைக்கும் நினைவகம் பொதுவாக இரண்டு வகை. ஒன்று நார் ஃபிளாஷ். எந்த முகவரியையும் நேரடியாகப் படிக்கலாம், மின்சாரம் போனாலும் தகவல் இருக்கும், படிக்கும் வேகமும் போதும். அசல் ரோமுக்கு மிக நெருக்கமான மாற்று இதுதான். ஆனால் எழுதுவதற்கு முன் அழிக்க வேண்டும், அழிப்பது மிக மெதுவாக நடக்கும். 128 கேபி கொண்ட ஒரு பகுதியை அழிக்க அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 32 எம்பி கேமுக்கு அப்படி 256 பகுதிகள். அழிப்பதற்கு மட்டுமே இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். அப்புறம்தான் எழுதும் வேலை. எஸ்டி கார்டு இல்லாத தொடக்ககாலக் கார்டுகளில் முழுக்க நார் ஃபிளாஷ்தான் இருந்தது. கணினியோடு கேபிள் போட்டு இணைத்து எழுதிக்கொள்வார்கள். ஒரு முறை எழுதினால் அதே கேமைப் பல நாள் விளையாடுவார்கள் என்பதால் அந்தக் காத்திருப்பு யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வகை பிஎஸ்ரேம் என்ற ஒரு வகை ரேம். இதில் அழிக்கும் வேலை இல்லை, வந்த வேகத்தில் எழுதிக்கொள்ளும். எஸ்டி கார்டிலிருந்து நொடிக்கு 4 எம்பி வந்தால் 16 எம்பி கேமுக்கு நான்கு நொடி போதும். மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும், ஒவ்வொரு முறை போடும்போதும் மறுபடி ஏற்ற வேண்டும். பல கார்டுகள் இரண்டையும் சேர்த்தே வைத்தன. ஈஸி ஃபிளாஷ் 4 என்ற பிரபலமான கார்டில் 16 எம்பி பிஎஸ்ரேமும் 32 எம்பி நார் ஃபிளாஷும் இருந்தன. அதனால் 16 எம்பிக்கு உட்பட்ட கேம்கள் உடனே ஓடும். 32 எம்பி கேம் என்றால் நாரில் எழுதிவிட்டுத்தான் ஆட வேண்டும். 2018ல் வந்த ஈஸி ஃபிளாஷ் ஒமேகாவில் பிஎஸ்ரேமையே 32 எம்பி ஆக்கிவிட்டார்கள், அந்தத் தொல்லை தீர்ந்தது.

செலவைக் குறைக்க மெதுவான ரேம் போட்ட கார்டுகளும் சந்தைக்கு வந்தன. அவற்றில் கேம் தொடங்கும், ஓடும். ஆனால் செயலி பதிலுக்குக் காத்திருக்கும் சுழற்சிகளைக் கூட்டிவைத்து ஓட்ட வேண்டியிருப்பதால், திரையில் நிறைய உருவங்கள் ஒன்றாக வரும் இடங்களில் ஆட்டம் தொய்ந்துவிடும். விளையாடுபவர் கேமையே குறை சொல்வார். கேம் பாய் அட்வான்ஸுக்கு ஃபிளாஷ் கார்டு தேடுபவர் உறையில் அச்சிட்ட எம்பி கணக்கைவிட இந்த ரேம் வேகத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கருவியைப் போட்டதும் முதலில் வருவது கார்டின் சொந்த மெனு. அதுவும் ஒரு சின்ன கேம் பாய் அட்வான்ஸ் நிரல்தான். கருவிக்குள் இருக்கும் 16 கேபி பயாஸ் என்ற தொடக்க நிரல், கார்ட்ரிட்ஜின் தொடக்கத்தில் 156 பைட் அளவுக்கு நின்டெண்டோவின் லோகோ இருக்கிறதா என்று பார்க்கும். அது சரியாக இருந்தால்தான் மேலே போகும். மெனு நிரல் அந்தச் சோதனையைத் தாண்டி வந்து, எஸ்டி கார்டின் கோப்பு அட்டவணையைப் படித்து, பட்டியலைத் திரையில் காட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அதைப் பிஎஸ்ரேமுக்கு நகலெடுக்கும். அப்புறம் கார்டில் இருக்கும் கட்டுப்பாட்டு சிப்புக்கு ஓர் உத்தரவு போகும்: இனிமேல் கார்ட்ரிட்ஜ் முகவரிகளில் மெனுவைக் காட்டாதே, இந்தக் கேமைக் காட்டு. அதோடு செயலி தொடக்கத்துக்குத் தாவும். அந்த நொடியிலிருந்து கேமுக்குத் தான் ஒரு ஃபிளாஷ் கார்டில் இருப்பதே தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் வடிவமைப்பின் நோக்கம்.

லோடிங் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அதில் எல்லாமே ஒரே திசையில் நடக்கிறது, தவறினால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், எதுவும் தொலையாது. சேவ் விஷயத்தில் அப்படி இல்லை.

அசல் கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களில் சேவ் வைக்க மூன்று வகைச் சிப்புகளைப் பயன்படுத்தினார்கள். முதல் வகை எஸ்ரேம், 32 கேபி. இது சாதாரண ரேம், பக்கத்தில் ஒரு பட்டன் பேட்டரி இருந்து உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். மெட்ராய்டு ஃப்யூஷன் இந்த வகை. இரண்டாவது ஈஈப்ராம் என்ற சிறிய நிலை நினைவகம், 512 பைட் அல்லது 8 கேபி. பேட்டரி வேண்டாம். ஆனால் அதனோடு பேசும் முறையே வேறு. ஒரே கம்பியில் பிட் பிட்டாக அனுப்ப வேண்டும், 8 பைட் கொண்ட கட்டங்களாகத்தான் எழுதவோ படிக்கவோ முடியும். செல்டா வரிசையின் மினிஷ் கேப் இதைப் பயன்படுத்துகிறது. மூன்றாவது ஃபிளாஷ், 64 கேபி அல்லது 128 கேபி. 4 கேபி பகுதிகளாக அழித்து எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் குறிப்பிட்ட வரிசையில் சில கட்டளை பைட்டுகளை அனுப்ப வேண்டும். கோல்டன் சன் 64 கேபி, போக்கிமான் ரூபியும் சஃபையரும் 128 கேபி. சேவுக்கென ஒதுக்கிய முகவரிச் சாளரமோ 64 கேபிதான். ஆகவே 128 கேபி சிப்பை இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒரு பாதியை மூடி மறு பாதியைத் திறந்து வேலை செய்கிறார்கள்.

ஃபிளாஷ் கார்டு இந்த மூன்றில் எதுவாகவும் நடிக்க வேண்டும். எதுவாக என்று அதற்கு எப்படித் தெரியும்? பழைய கேம் பாயில் இது பிரச்சினையே இல்லை. அதன் ரோம் தலைப்பில், அதாவது ரோமின் தொடக்கத்தில் இருக்கும் விவரப் பகுதியில், எந்த வகைச் சிப், எவ்வளவு ரேம், பேட்டரி உண்டா என்பதற்கெல்லாம் தனித்தனி பைட் உண்டு, படித்துவிட்டால் போதும். கேம் பாய் அட்வான்ஸின் தலைப்பில் கேமின் பெயரும் நான்கு எழுத்துக் குறியீடும் இருக்கின்றன, சேவ் வகை பற்றி ஒரு பைட் கூட இல்லை. நல்வாய்ப்பாக, நின்டெண்டோ தந்த நிரல் நூலகத்தைப் பயன்படுத்தித் தயாரித்த கேம்களில் அந்த நூலகத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் எழுத்தாகவே பதிந்துபோயிருக்கும். எஸ்ரேம் நூலகம் என்றால் ஒரு சொல், ஈஈப்ராம் என்றால் ஒரு சொல், ஒரு எம்பிட் (128 கேபி) ஃபிளாஷ் என்றால் இன்னொரு சொல். கார்டின் மென்பொருளோ கணினியில் ஓடும் கருவியோ ரோம் முழுவதையும் துழாவி அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கிறது. ஈஈப்ராம் என்ற சொல் கிடைத்தாலும் அது 512 பைட்டா, 8 கேபியா என்பது அதில் இருக்காது. அதற்கு, கேம் முகவரியை 6 பிட்டில் அனுப்புகிறதா 14 பிட்டில் அனுப்புகிறதா என்று ஓடும்போது பார்க்க வேண்டும், இல்லையென்றால் நான்கு எழுத்துக் குறியீட்டை வைத்து முன்பே தொகுத்த பட்டியலில் தேட வேண்டும்.

இந்தத் துழாவும் வழக்கத்தை நின்டெண்டோ அறிந்தே இருந்தது. 2004ல் தன் பழைய வீட்டுக் கருவியான ஃபேமிகாமின் கேம்களைக் கேம் பாய் அட்வான்ஸுக்குக் கொண்டுவந்த கிளாசிக் என்இஎஸ் வரிசையில் ஒரு பொறி வைத்தார்கள். ரோமுக்குள் எஸ்ரேம் நூலகத்தின் பெயர் இருக்கும், கேம் உண்மையில் பயன்படுத்துவது ஈஈப்ராம். பெயரை நம்பி எஸ்ரேம் வைத்துக் காத்திருக்கும் கார்டிலும், கருவியைப் போலவே நடிக்கும் கணினி மென்பொருளான எமுலேட்டரிலும் கேம் எஸ்ரேமில் எழுதிப் பார்க்கும். எழுதியது நிலைத்தால் இது அசல் கார்ட்ரிட்ஜ் இல்லை என்று முடிவு கட்டி, பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும். இருபது ஆண்டு கழித்தும் இந்த வரிசை பற்றித் தனிக் குறிப்போடுதான் எமுலேட்டர்களும் கார்டு மென்பொருள்களும் எழுதப்படுகின்றன.

மூன்று வகைச் சிப்பாகவும் நடிப்பதற்கு வன்பொருள் வேலை அதிகம். அதனால் பல கார்டுகள் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தன. கேமின் சேவ் எழுதும் பகுதியையே மாற்றிவிடுவது. ஈஈப்ராமோடு பேசும் நிரல் துண்டைத் தேடி, அதற்குப் பதிலாக எஸ்ரேமில் நேராக எழுதும் துண்டை ஒட்டிவிடுவார்கள். ஏறக்குறைய எல்லாக் கேம்களும் ஒரே நூலகத்தைப் பயன்படுத்தியதால் இந்த ஒட்டு பரவலாக வேலை செய்தது. எஸ்ரேம் எளிமையானது. முகவரி சொன்னால் போதும், எழுதும், காத்திருப்பு இல்லை, தேய்மானமும் இல்லை.

போலிக் கார்ட்ரிட்ஜ்களில் ஓடும் போக்கிமான் ஆட்டங்களில் ஒரு பிரபலமான கோளாறு இங்கிருந்துதான் வருகிறது. பல வாரம் சரியாகச் சேவ் ஆகிக்கொண்டிருக்கும். கடைசியில் எலைட் ஃபோர் என்ற இறுதிப் போட்டியாளர்கள் நால்வரையும் வென்று, பெயர்கள் பதியும் காட்சி ஓடி, கேம் தானே சேவ் செய்யும்போது எல்லாம் பாழாகும். அந்தக் கேமின் 128 கேபி சேவ் பகுதி 4 கேபி கொண்ட 32 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான சேவுக்கு 14 துண்டு போதும். வென்றவர் பட்டியல் இருப்பது கடைசிப் பக்கத்தில், 28, 29ஆம் துண்டுகளில். போலிக் கார்டில் 128 கேபிக்கு இடமில்லை என்றால் அந்த எழுத்துக்குப் போக இடம் இருக்காது. இல்லையென்றால் முதல் பாதியில் இருக்கும் சேவின் மேலேயே போய் விழும். அத்தனை நாள் உழைப்பும் போய்விடும். ஒரு குழந்தை அதை எதிர்கொள்வதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நினைவகச் செலவில் சில ரூபாய் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அது.

அதே துண்டுக் கணக்கில் போக்கிமான் நிரலாளர்களின் கவனமும் தெரிகிறது. 14 துண்டு கொண்ட சேவ் ஒன்று மட்டும் வைத்திருந்தால் 56 கேபி போதும். அவர்கள் இரண்டு தொகுதி வைத்தார்கள். ஒரு முறை சேவ் செய்தால் முதல் தொகுதியில், அடுத்த முறை இரண்டாவதில், மாறி மாறி. ஒவ்வொரு துண்டின் முடிவிலும், தகவல் சிதையவில்லை என்று பார்க்க உதவும் சரிபார்ப்புத் தொகையும், எத்தனையாவது சேவ் என்ற எண்ணும் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்து கருவி அணைந்துபோனால், புதிய தொகுதி அரைகுறையாக நிற்கும். மறுபடி போடும்போது கேம் கணக்குப் பார்த்து, அது சேதமாகியிருக்கிறது, முந்தைய சேவ் தகவலை எடுக்கிறேன் என்று சொல்லிப் பழையதைத் திறக்கும். ஃபிளாஷ் கார்டில் பாதி எழுதிய சேவ் கிடைத்தாலும் கேம் பெரும்பாலும் பிழைத்துவிடுவதற்கு இதுதான் காரணம். இவ்வளவு முன்யோசனை எல்லாக் கேம்களிலும் இல்லை.

சரி, கார்டில் இருக்கும் எஸ்ரேமில் சேவ் விழுந்துவிட்டது. அடுத்து என்ன? அந்த எஸ்ரேம் ஒன்றே ஒன்று, எஸ்டி கார்டில் இருக்கும் கேம்களோ நூற்றுக்கணக்கில். வேறு கேமைத் திறப்பதற்குள் இந்த சேவ் தகவலை ஒரு கோப்பாக எஸ்டி கார்டுக்கு மாற்றியாக வேண்டும். எப்போது, யார் மாற்றுவது என்பதில்தான் கார்டுகள் பிரிகின்றன.

கேம் ஓடும்போதே மாற்றுவது சுலபமாகத் தோன்றும். ஆனால் அப்போது செயலி கேமின் கையில் இருக்கிறது, மெனு நிரல் நினைவகத்திலேயே இல்லை. எஸ்டி கார்டில் எழுதுவதற்குக் கார்டுக்குள் தனியாக ஒரு மூளை வேண்டும். கூடவே எஸ்டி கார்டு எழுதும்போது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒரு எழுத்துக்கு 250 மில்லி நொடி வரை எடுத்துக்கொள்ள எஸ்டி விதிமுறையே இடம் தருகிறது. அந்தக் கால் நொடிக்குள் யாராவது சுவிட்சை அணைத்தால் சேவ் மட்டுமல்ல, கோப்பு அட்டவணையே கெடலாம். அதனால்தான் நல்ல கார்டுகள் சேவ் கோப்பை முன்கூட்டியே முழு அளவில் உருவாக்கி வைத்துவிடுகின்றன. பிறகு எழுதும்போது அந்தக் கோப்பின் இடத்தில் மட்டும் எழுதினால் போதும், அட்டவணையைத் தொட வேண்டியதில்லை.

ஈஸி ஃபிளாஷ் 4 போன்றவை வேறு வழியில் போயின. சேவ், பேட்டரி ஆதரவுள்ள எஸ்ரேமிலேயே தங்கும். கருவியை அணைத்துவிட்டு அடுத்த முறை போடும்போது, மெனு முதல் வேலையாக எஸ்ரேமைப் படித்து, கடைசியாக ஓடிய கேமின் பெயரில் எஸ்டி கார்டில் எழுதும். திரையில் ஓரிரு நொடி ஒரு செய்தி வரும். தொடக்கத்தில் சொன்ன புகாருக்கு விடை இங்கே இருக்கிறது. அந்த பேட்டரி செத்திருந்தால், அணைத்த நொடியிலேயே எஸ்ரேம் காலி. அடுத்த முறை மெனு பார்ப்பது வெறும் குப்பை. சில நேரம் அந்தக் குப்பையையே நல்ல கோப்பின் மேல் எழுதிவிடும். பேட்டரி நன்றாக இருந்தும் சேவ் போகும் வழிகளும் உண்டு. விளையாடி அணைத்ததும் எஸ்டி கார்டைப் பிடுங்கிக் கணினியில் போட்டு சேவ் கோப்பை நகலெடுப்பார்கள். அதில் இருப்பது முந்தைய சேவ். புதியது இன்னும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது. அல்லது அந்தச் செய்தி ஓடும்போதே பொறுமையில்லாமல் அணைத்துவிடுவார்கள்.

ஆகவே இந்த வகைக் கார்டில் கணினிக்கு நகலெடுப்பதற்கு முன் ஒரு முறை கருவியைப் போட்டு, மெனு முழுதாக வந்து நின்றதைப் பார்த்துவிட்டு அணைக்க வேண்டும். பேட்டரியும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பொருள்தான்.

பேட்டரியே வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கு எஃப்ரேம் கிடைத்தது. எஸ்ரேம் போலவே உடனுக்குடன் எழுதலாம், மின்சாரம் போனாலும் தகவல் அழியாது, சாதாரண ஃபிளாஷ் தாங்குவதைவிடப் பல மடங்கு அதிகமான எழுத்துகளைத் தாங்கும். விலை அதிகம், ஆனால் இங்கே தேவைப்படுவது 128 கேபிதான். 2020ல் வந்த ஈஸி ஃபிளாஷ் ஒமேகாவின் டெஃபினிட்டிவ் பதிப்பில் சேவுக்கு எஃப்ரேம் போட்டார்கள். கேம் எழுதி முடித்த கணமும் தகவல் நிலைத்த கணமும் இதில் ஒன்றாகிவிடுகின்றன. கையில் இருக்கும் தொழில்நுட்பங்களில் சேவுக்கு மிகச் சரியான விடை இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எஸ்டி கார்டுக்கு நகல் எப்போது போனாலும் பரவாயில்லை, மூலம் பத்திரமாக இருக்கிறது.

மிக மலிவான கார்டுகளில் பேட்டரியும் இல்லை, எஃப்ரேமும் இல்லை. அங்கே கேமுக்குள் இன்னொரு ஒட்டு வேலை நடக்கிறது. கேம் சேவ் எழுதுவதை மோப்பம் பிடித்து, சிறிது நேரம் கழித்து, எஸ்ரேமில் இருப்பதை ரோம் இருக்கும் அதே நார் ஃபிளாஷின் ஒரு மூலையில் எழுதிவைக்கும் நிரல் துண்டு. நார் அழிக்கப்படும்போது அதிலிருந்து படிக்க முடியாது. ஆகவே அந்த வேலை முடியும் வரை கேம் ஓரிரு நொடி உறைந்து நிற்கும். போலிக் கார்ட்ரிட்ஜ்களில் சேவ் செய்த பிறகு வரும் அந்த விசித்திரமான நிறுத்தம் இதுதான். அந்த நேரத்தில் அணைத்தால் சேவ் இல்லை.

கடிகாரம் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. போக்கிமான் ரூபி, சஃபையர், எமரால்டு கார்ட்ரிட்ஜ்களில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால், உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆடலாம், ஆனால் கடிகாரம் சார்ந்த நிகழ்வுகள் நடக்காது என்று கேம் சொல்லும். பலர் அதைப் பார்த்துச் சேவ் போய்விட்டதென்று பதறுகிறார்கள். சேவ் ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது, அதற்கும் பேட்டரிக்கும் தொடர்பில்லை. பேட்டரி கடிகாரச் சிப்புக்கு மட்டும். ஆனால் 1999ல் வந்த போக்கிமான் கோல்டு, சில்வர் கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களில் சிஆர்2025 பேட்டரி ஒன்றுதான் எஸ்ரேமையும் கடிகாரத்தையும் தாங்குகிறது. கடிகாரம் ஓயாமல் மின்சாரம் குடிப்பதால் அவை முதலில் செத்தன. ஒரு தலைமுறையின் சேவ்கள் அப்படிப் போயின, இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.

நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்தால் அடிப்படையே மாறுகிறது. கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் மேசையில் திறந்து கிடக்கும் புத்தகம் என்றால், டிஎஸ் கார்ட்ரிட்ஜ் நூலகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கும் புத்தகம். 2004ல் வந்த டிஎஸ், 8 பைட் கட்டளை ஒன்றை கார்டுக்கு அனுப்பி, 512 பைட் கொண்ட கட்டங்களாகத் தகவலை வாங்கி, தன்னுடைய 4 எம்பி ரேமில் போட்டுத்தான் ஓட்டும். தொடக்கக் கட்டளைகள் மறையீடு செய்யப்பட்டவை. அந்தப் பூட்டைத் திறக்க ஆரம்பத்தில் அசல் கார்டு ஒன்றைச் செருகி, கடந்து போகும் தகவலை வழியில் மாற்றும் இடைக்கருவிகள் வந்தன. பிறகு ஆர்4 போன்ற டிஎஸ் ஃபிளாஷ் கார்டுகள் பூட்டையே தாங்களே திறந்தன.

512 பைட் கட்டம் என்றதும் எஸ்டி கார்டு நினைவுக்கு வரும். அதனால்தான் டிஎஸ் கார்டுகளில் பெரிய ரேம் எதுவும் வேண்டியதில்லை, 128 எம்பி கேமும் ஏறக்குறைய உடனே தொடங்கிவிடும். தொடக்க நிரலை மட்டும் ரேமுக்கு ஏற்றி, கேமுக்குள் கார்டைப் படிக்கும் பகுதியைத் தேடி, அதற்குப் பதில் மைக்ரோ எஸ்டியைப் படிக்கும் பகுதியை ஒட்டிவிட்டால் போதும். கேட்கக் கேட்கப் படித்துக் கொடுக்கலாம். விலை மலிந்ததற்கும், 2007 வாக்கில் இவை உலகெங்கும் கடைத்தெருவுக்கு வந்ததற்கும் இதுவே பெரிய காரணம். ஆனால் மெதுவான மைக்ரோ எஸ்டியோ, சிதறிக் கிடக்கும் கோப்போ இருந்தால் கேமின் நடுவே வரும் வீடியோ திக்கும்.

டிஎஸ்ஸில் சேவ் சிப், எஸ்பிஐ என்ற தொடர் இணைப்பு வழியாகப் பேசும். பெரும்பாலும் 512 பைட்டிலிருந்து 512 கேபி வரை பல அளவு. ஆர்4 வகைக் கார்டுகள் ரோம் கோப்புக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு சேவ் கோப்பை உருவாக்கி, கேம் எழுதும்போதே மைக்ரோ எஸ்டியில் எழுதிவிடும். பேட்டரித் தொல்லை இல்லை. எழுதும் நேரத்தில் அணைத்தால் மட்டும் ஆபத்து. கேம் நிறுவனங்கள் இந்த ஒட்டு வேலையைக் கண்டுபிடிக்கும் சோதனைகளை உள்ளே புதைத்தன. 2010ல் வந்த மைக்கேல் ஜாக்சன் கேமின் டிஎஸ் பதிப்பு, நகல் என்று தெரிந்தால் பாட்டின் மேல் வுவுசெலா என்ற ஊதுகுழலின் சத்தத்தை ஓட்டியது. கார்டு மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் இந்த விரட்டுதான்.

சட்டம் வேறு பக்கம் நகர்ந்தது. 2009ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஆர்4 வகைக் கார்டுகளின் விற்பனையைத் தடுத்தது, 2010ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றமும் நின்டெண்டோவின் பக்கம் தீர்ப்பளித்தது. டிஎஸ் விற்பனைக்கு இருந்த காலத்திலேயே அவை திருட்டு நகலுக்குப் பெருமளவில் பயன்பட்டன என்பதை மறைக்க முடியாது. கேம் உருவாக்கியவர்கள் உழைப்புக்குக் கூலி இழந்தார்கள். அதே கார்டுகளில்தான் தனிநபர்கள் எழுதிய சொந்த கேம்கள் ஓடின. எந்தக் கார்டாக இருந்தாலும் எஸ்டியைப் படிக்க ஒரே நிரல் போதும் என்ற டிஎல்டிஐ என்ற ஏற்பாடும் அந்த ஆர்வலர்களிடமிருந்தே வந்தது. பேட்டரி செத்துக்கொண்டிருக்கும் தன் சொந்த கார்ட்ரிட்ஜிலிருந்து சேவ் தகவலை எடுத்துப் பாதுகாப்பது இந்தத் தொழில்நுட்பத்தின் மிக நியாயமான பயன் என்று எனக்குப் படுகிறது. ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் போன்ற இலவச மென்பொருளும், யுஎஸ்பியில் செருகும் ஒரு சிறிய படிப்பானும் இருந்தால் வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்படி எடுத்த சேவ் கோப்பை ஃபிளாஷ் கார்டுக்குக் கொண்டுபோகும்போது அளவைப் பாருங்கள். எஸ்ரேம் என்றால் 32,768 பைட், 128 கேபி ஃபிளாஷ் என்றால் 1,31,072 பைட். சில கார்டுகள் எல்லா சேவ்களையும் ஒரே பெரிய அளவில் எழுதி, மீதியை வெற்று பைட்டால் நிரப்பிவைக்கும். அதை எமுலேட்டரில் போட்டால் சேவ் வகையைத் தவறாக யூகித்து, காலி என்று சொல்லக்கூடும். எதிர்ப்பக்கமும் உண்டு. கடிகாரம் உள்ள கேம் பாய் கேம்களுக்குச் சில எமுலேட்டர்கள் சேவின் முடிவில் 48 பைட் கடிகாரத் தகவலைச் சேர்த்து, 32,816 பைட் கோப்பாக வைக்கின்றன. கார்டு அதை ஏற்க மறுத்தால் சேவ் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போட வேண்டாம். கடைசி 48 பைட்டை வெட்டிவிட்டால் மீதி அப்படியே திறக்கும்.